வில்சன் ஜிஎஸ்டி தோல் பந்து: ஒரு கல்லூரி ஃபுட்பால் சீசனுக்குத் தாக்குப்பிடிக்குமா?

ஜிஎஸ்டி என்பது வில்சன் நிறுவனத்தின் ஒரு பந்து மாடலின் பெயர்; கையால் எறிந்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான நீள்வட்டப் பந்து இது. பெட்டியைப் பிரித்த கையோடு எறிந்து பார்த்துவிட்டு இந்தப் பந்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பந்து முதல் நாள் கையில் வழுக்கத்தான் செய்யும். புதுத்தோலின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கும். தோலும் விறைப்பாக இருக்கும். அந்தப் படலத்தைத் தேய்த்தெடுத்துத் தோலைப் பழக்கிய பிறகுதான் இதன் அருமை தெரியும். அமெரிக்கக் கல்லூரி அணிகள் முதல் ஆட்டத்துக்கு வெகுமுன்பே பந்துகளைப் பழக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஒஹாயோ மாநிலத்தில் ஏடா என்றொரு சிற்றூர். 1955 முதல் வில்சன் தோல் பந்துகள் அங்கேதான் தயாராகின்றன. தோல் வருவது சிகாகோவின் ஹார்வீன் ஆலையிலிருந்து. 1905இல் தொடங்கிய நிறுவனம் அது. ‘பன்றித்தோல்’ என்று இந்தப் பந்துக்குச் செல்லப்பெயர் இருந்தாலும் உண்மையில் இது மாட்டுத்தோல். நான்கு துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி சேர்த்துத் தைத்து, ஆவியில் காட்டி இளக்கி, லேஸ் (பந்தின் வாயை மூடிக் கட்டும் கயிறு) போடும் சிறிய வாய் வழியாகக் கையாலேயே புரட்டி எடுப்பார்கள். தடித்த தோலை அந்தச் சின்னத் துவாரத்துக்குள் திணித்து வெளியே இழுக்கத் தோள்பட்டை பலம் முழுவதும் வேண்டும். அதன் பிறகு உள்ளே பிளாடர் என்ற காற்றுப்பையை வைத்து, லேஸும் கையாலேயே கோக்கிறார்கள். விலையில் பெரும்பகுதி இந்தத் தோலுக்கும் கைவேலைக்கும்தான் போகிறது. எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதியில் அளவுகள் கறாராக இருக்கின்றன. எடை 14 முதல் 15 அவுன்ஸ், காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்), சமதூரத்தில் எட்டு லேஸ் கட்டுகள். லேஸை ஒட்டிய இரண்டு துண்டுகளில் மட்டும் ஓர் அங்குல அகலத்தில் வெள்ளைப் பட்டை இருக்க வேண்டும். பல பந்துகளில் அந்தப் பட்டை வெறும் பெயின்ட்தான். விரல் பெயின்ட்டின் மேல் விழுந்தால் பிடி நழுவும். ஜிஎஸ்டியில் பட்டையைச் சொரசொரப்பான தனித் துண்டாகத் தைத்திருக்கிறார்கள். எறியும்போது சுட்டுவிரல் பட்டையை ஒட்டி விழுகிற குவார்ட்டர்பேக்குக்கு (அணியில் பந்தை எறிபவர்) இந்த வித்தியாசம் முதல் எறியிலேயே தெரிந்துவிடும். லேஸிலும் அதே சொரசொரப்பு உண்டு.

இனிப் பழக்கும் முறை. ஊசியை ஈரப்படுத்தாமல் வால்வில் குத்தவே கூடாது. காய்ந்த ஊசி ரப்பரைக் கிழித்துவிடும். அப்புறம் பந்து ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். ஊசியை நேராக இறக்கி 13 பிஎஸ்ஐ வரை காற்று பிடியுங்கள். பிறகு விறைப்பான குதிரைமுடி பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டையும் உலர்ந்த நிலையிலேயே தேயுங்கள். பளபளப்பு போய்த் தோல் மங்கலாகும்வரை கை ஓயக்கூடாது. பின்பு லேசாக ஈரமான துணியால் துடைத்து ஆறவிட்டு, தோல் பந்துக்கென்றே விற்கும் மெழுகுக் கட்டியையோ கண்டிஷனரையோ மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். உடனே மறுபடி பிரஷ் போட்டால் உரசும் சூட்டில் மெழுகு இளகித் தோலுக்குள் இறங்கும். ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் இதையே செய்ய வேண்டும். நிறம் கருத்து, உள்ளங்கையில் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைச் சில நாள் எறிந்து பிடிக்கும் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். கண்டிஷனரை அப்பினால் தோல் ஊறிக் கனக்கும், தையல் ஓரத்தில் பிசுக்கும் மண்ணும் அடையும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தோல்மேல் இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் மழுங்கிவிடும். பிடி கிடைப்பதே அந்த மேடுகளால்தான். போனால் திரும்பி வராது. போட்டிப் பந்து என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதுப்பந்தின் தன்மை மாறாத, ‘புதிதை ஒத்த’ பந்தைத்தான் விதி அனுமதிக்கிறது.

கல்லூரி சீசன் எப்படிப்பட்டது என்பதற்கு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2024ஆம் ஆண்டு ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் எந்தப் பந்தை வைத்து ஆடினார்கள் என்பதல்ல இங்கே விஷயம், பருவநிலைதான். ஆகஸ்ட் 31 அன்று கோடை வெயிலில் ஏக்ரனை 52-6 என்று வென்று தொடங்கினார்கள். நவம்பர் 30 குளிரில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றார்கள். டிசம்பர் 21 இரவு, உறைநிலைக்கும் கீழே, டென்னஸியை 42-17 என்று சாய்த்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் கூரைக்கடியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். மொத்தம் 16 ஆட்டங்கள். வெயில், பனி, கூரை என எல்லாவற்றிலும் பந்து ஒரே மாதிரி கையில் அமைய வேண்டும்.

அங்கேதான் காற்றழுத்தம் படுத்தும். 21 டிகிரி செல்சியஸ் அறையில் 13 பிஎஸ்ஐ வைத்த பந்தை 0 டிகிரிக் குளிரில் கொண்டுபோய் வையுங்கள். காற்று துளிக்கூடக் கசியாமலே அழுத்தம் ஏறக்குறைய 11க்கு இறங்கிவிடும். ஐந்தாறு டிகிரிக்கு அரை பிஎஸ்ஐ என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். பந்து பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் எந்த வெப்பத்தில் அளந்தோம் என்று யோசியுங்கள். குளிர்கால ஆட்டத்துக்கு விதியின் மேல் வரம்பான 13.5இல் வைத்துக் கிளம்புவது நல்லது. வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு. மூடிய காரில் விட்ட பந்தின் அழுத்தம் எகிறித் தையலை இழுக்கும், தோலும் வறண்டுபோகும்.

மழை இந்தப் பந்தின் பலவீனம். தோல் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும், பிடியும் போகும். ஆட்டத்தின்போது உலர்த்தும் பொருள் எதையும் பந்தில் தடவ விதி இடம் தரவில்லை. உலர்த்தும் கருவிகளுக்கும் மைதான ஓரத்தில் அனுமதியில்லை. துண்டால் துடைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பது ஒன்றே வழி. எதிரணி தான் தாக்கி ஆடும் முறைக்குத் தன் பந்தையே பயன்படுத்துவதால், நம் பந்துகளை உலர வைக்க இடையில் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நனைந்த பந்தை வீட்டுக்கு வந்ததும் ஹீட்டர் பக்கத்திலோ ஹேர் டிரையரிலோ காட்டாதீர்கள், தோல் வெடிக்கும். அறைக்குள் நிழலிலேயே காயட்டும். காய்ந்தபின் பிரஷ் போட்டு, மெழுகை ஒரு கை தடவினால் பழைய பதம் ஏறக்குறைய திரும்பிவிடும். ஏறக்குறையதான். பல தடவை முழுக்க நனைந்த பந்து உப்பிப் பருத்துவிடும். எறிவதற்கு அது ஆகாது, ஆனால் உதைக்கப் பழகுபவர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

தினமும் தெருவிலும் பார்க்கிங் தளத்திலும் எறிந்து விளையாட இதை வாங்காதீர்கள். சிமென்ட் தரை ஒரே வாரத்தில் தோலை உரித்துவிடும். அதற்குச் செயற்கைத் தோல் பந்து போதும். விலை பாதிக்கும் கீழே, மழைக்கும் அஞ்சாது. பையன் பள்ளி அணியில் ஆடுகிறான் என்றால் முழு அளவுப் பந்தை வாங்குமுன் அவன் கையைப் பாருங்கள். வில்சன் அளவுகளில் 12 முதல் 14 வயதுக்கு டிடிஒய், 9 முதல் 12 வரை டிடிஜே, அதற்கும் சிறியவர்களுக்குக் கே2. அளவு பெரிதாகிவிட்டால் பிள்ளை பந்தை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளப் பழகிவிடுவான், அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. வாங்கும்போது முடிந்தால் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றதை ஆட்டத்துக்கும் ஒதுக்குங்கள். பயிற்சிப் பந்தில் பிரஷ்ஷும் மெழுகும் கைக்குப் பழகிய பிறகு ஆட்டப் பந்தைத் தொடலாம்.