ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடல்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்

சேலத்தில் ஒரு கல்லூரியின் உடலியங்கியல் செய்முறை வகுப்பில் ஆறு வருடமாக நான் ஓட்டுவது வெறும் நான்கு சமன்பாடுகள். நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று கணக்கிட, ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையை அளந்து 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எழுதியவை. நரம்பிழையின் சவ்வு மின்னழுத்தத்துக்கு ஒன்று, அந்தச் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விடும் கதவுகளுக்கு மூன்று. பைத்தான் நிரலில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஹக்ஸ்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கேம்பிரிட்ஜ் கணினி மாற்றியமைப்புக்காக நின்றிருந்ததால், கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷினில் வாரக்கணக்கில் சுற்றினார். எங்களுக்குக் கரண்ட் போனால்தான் வேலை நிற்கும்.

பிடித்த விஷயம்: எந்த எண்ணைத் தொட்டாலும் அதற்கு உடம்பில் ஓர் அர்த்தம் இருக்கிறது. சோடியம் கடத்துதிறனை 120இலிருந்து சுழியாக்கினால் துடிப்பு காணாமல் போகும். பேத்தை மீனின் விஷம் செய்வதும் அதைத்தான். இதைப் பையன்களுக்கு இரண்டாவது முறை விளக்க வேண்டி வந்ததில்லை.

இரண்டாம் வருடம் ஏப்ரலில் ஒரு மாணவி, "சார், நம்ம ஊர் வெயிலப் போட்டுப் பாக்கலாமா?" என்றாள். மாடலின் அடிப்படை வெப்பநிலை 6.3 டிகிரி. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கதவுகளின் வேகம் 3 மடங்கு கூடும். அப்படியானால் 36.3 டிகிரியில் 27 மடங்கு. சரி என்று போட்டேன். கோடு திரையைத் தாண்டிப் பறந்தது. "நரம்பு வெடிச்சிருச்சு சார்!" என்று ஒரே கூச்சல். நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வெடித்தது நரம்பில்லை, என் கணக்கு. நேரத்தைச் சின்னப் படிகளாக வெட்டி முன்னேறும் ஆய்லர் முறையில், ஒரு படியை 0.05 மில்லி செகண்டாக வைத்திருந்தேன். 27 மடங்கு வேகத்தில் ஓடும் கதவுக்கு அது யானை எடுத்து வைக்கும் காலடி.

படியை 0.001 ஆக்கியதும் உண்மை தெரிந்தது. ஊசியாக எழ வேண்டிய துடிப்பு, சின்ன மேடாகப் படுத்துவிட்டது. சவ்வு, மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி மாதிரி, அது நிரம்பும் வேகம் சூட்டில் அப்படிக் கூடுவதில்லை. நிரம்பி முடிப்பதற்குள் சோடியம் கதவு மூடி, பொட்டாசியம் கதவு திறந்துவிடுகிறது. ஏற்காட்டு மார்கழி மாதிரி 18.5 டிகிரி கொடுத்தால் ஒல்லியான, நல்ல துடிப்பு வருகிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இழையில் துடிப்பு ஓடும் வேகத்தைக் கணக்கிட்டதும் இதே 18.5இல்தான்: கணக்கில் நொடிக்கு 18.8 மீட்டர், நேரில் அளந்ததில் 21.2. கையால் சுற்றிய கணக்குக்கு இது பிரமாதம்.

இன்னொரு தொல்லை: கதவு வேகங்களை 1 மில்லிவோல்ட் இடைவெளியில் வரைந்தால் −40இலும் −55இலும் 0/0 வந்து வரைபடத்தில் ஓட்டை விழும். அந்த இரண்டு புள்ளிக்கும் விடையைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மனித நரம்புக்கு இதை அப்படியே வைத்துப் பேசாதீர்கள். நம் நரம்பு 37 டிகிரியில் நன்றாகவே ஓடுகிறது. எண்கள் குளிர்கடல் பிராணியுடையவை. இதயம் வேண்டுமென்றால் மனித இதயச் செல்லுக்கான டென் டுஷரின் 2004 மாடலுக்குப் போகலாம். அதில் சமன்பாடுகள் அதிகம், முதல் செமஸ்டருக்கு நான் தருவதில்லை.

அந்த ஏப்ரல் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் 0.05இலேயே ஓடவிட்டு, யார் முதலில் சந்தேகப்படுகிறார்கள் என்று பார்க்கிறேன்.