சளி பிடித்த ராத்திரிக்கு எது? ஆவியா, சொட்டு மருந்தா, மாத்திரையா, தேனா?

ஃப்ளூவோ கொரோனாவோ வெறும் ஜலதோஷமோ, பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். படுத்த பிறகுதான் தொல்லை. படுத்ததும் மூக்கின் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களில் ரத்தம் கூடி வீக்கம் ஏறுகிறது. சளி தொண்டைக்குள் இறங்கி இருமலைக் கிளப்புகிறது. ஆகவே தூக்கத்தைக் கெடுப்பது மூக்கா, இருமலா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொச்சி இலை போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சுகம் ராத்திரி முழுக்க நிற்பதில்லை. ஆய்வுகளிலும் உறுதியான பலன் தெரியவில்லை. வெந்நீர் கவிழ்ந்து சூடுபடும் ஆபத்து இருப்பதால் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மூக்கடைப்புதான் பிரச்சினை என்றால் என் ஓட்டு ஸைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துக்கு. சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், பல மணி நேரம் தாங்கும். ஆனால் ஐந்து நாளைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பிக்கும். அப்புறம் அது இல்லாமல் படுக்கவே முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மூக்கில் சொட்டு விடுவது நல்லது. பயமாக இருந்தால் உப்புநீர்ச் சொட்டு போதும், வேகம்தான் குறைவு.

மாத்திரைதான் எனக்கு ஏமாற்றம். பல சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி எடுத்தால் மூக்கடைப்புக்கு உதவுவதில்லை என்று 2023-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 16-0 என்று வாக்களித்தது. இன்னொரு சளி மருந்தான சூடோஎஃபெட்ரின் மூக்கைத் திறக்கும், கூடவே தூக்கத்தையும் விரட்டும். ஒவ்வாமை மருந்தான குளோர்ஃபெனிரமைன் தூங்க வைக்கும், சரி. மறுநாள் மதியம் வரை தலை கனக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

இருமலுக்குத் தேன். 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் சோதித்தார்கள்: படுக்கப்போகும் முன் சிலருக்குத் தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, சிலருக்கு ஒன்றுமில்லை. பெற்றோர் தந்த மதிப்பெண்ணில் தேனே முதலிடம். ஒன்றும் தராததை விட டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் குறிப்பிடும்படி மேலாக இல்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது, பாட்டுலிச நச்சு ஆபத்து உண்டு.

எதை எடுத்தாலும் தலைமாட்டில் இன்னொரு தலையணை வையுங்கள், அதற்குச் செலவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டுகிறது என்றால் இந்த நான்கையும் ஓரமாக வைத்துவிட்டு, விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.