பைனாகுலர், பழைய வேகன்ஆர், கிழட்டுக் கருப்பன்: ஓய்வுக்குப் பிறகு சில வருட அனுபவம்

ஓய்வு பெற்றதும் பறவை பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த பைனாகுலர் வாங்கலாம் என்பதுதான். வாங்கிய மாதத்தில் எந்த பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். சில மழைக்காலமும் சில கோடையும் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொன்னால்தான் அடுத்தவருக்கு உதவும். ஆனால் என் விஷயத்தில் பைனாகுலரை மட்டும் தனியாகப் பிரித்து மதிப்பெண் போட முடியாது. கூடவே ஒரு பழைய வேகன்ஆர் கார் உண்டு, கருப்பன் என்கிற வயதான நாட்டு நாய் உண்டு. மூன்றும் சேர்ந்துதான் ஒரு செட். ஊர் மதுரை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் முன்போல இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் என்னிடம் இருந்தது ஒரு 10×50. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், சரி. கை நடுக்கத்தையும் அதே பத்து மடங்கு காட்டும். கண்மாய்க் கரையில் நின்று ஒரு உள்ளானை அரை நிமிடம் பார்ப்பதற்குள் தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். அதை மருமகனிடம் கொடுத்துவிட்டு 8×42-க்கு மாறினேன். இதில் 8 என்பது எத்தனை மடங்கு என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 வருகிறது. அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஆனால் வயதாக ஆக நம் கண்மணி இளவயதில் விரிந்த அளவுக்கு விரிவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு வருகிற வெளிச்சத்தில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழையாமலே வீணாகிறது. அதனால் அடுத்து வாங்கினால் 8×32 தான். நாலு மில்லிமீட்டர் கற்றை போதும், எடையும் நன்றாகக் குறையும். விடிகாலை இருட்டில் மட்டும் 42 கொஞ்சம் ஜெயிக்கும். அந்த நேரத்தில் நான் எப்படியும் டீக்கடையில்தான் இருப்பேன்.

கழுத்தில் மாட்டும் வாரை முதல் வாரமே கழற்றிவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டுகிற வாரைப் போட்டுக்கொண்டேன். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் பைனாகுலரில் செய்யும் செலவிலேயே உருப்படியானது இதுதான்.

நம் ஊரில் பைனாகுலருக்கு முதல் எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் வைத்துவிட்டு மறந்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடிய வகை தப்பிக்கும். விலை குறைந்த திறந்த வகைக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். நண்பருடைய பைனாகுலர் ஒன்றில் பூஞ்சை பிடித்து, பழுது பார்க்கிற கடை ஒன்றில் கொடுத்தோம். பூஞ்சை போய்விட்டது, ஆனால் இரண்டு குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் பார்த்தால் தலைவலி. திருப்பிக் கொண்டுபோனால், "உங்க கண்ணைக் காட்டுங்க சார்" என்றார்கள். பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் பணம் கொடுக்கும் முன்பு கடை வாசலிலேயே நின்று தூரத்து மின்கம்பம் ஒன்றைப் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தால் அப்போதே கையில் கொடுத்துவிடலாம்.

கண் என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. அதன் பிறகு மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடை பறந்தபோது சிறகில் தெரிந்த நீலத்தைப் பார்த்து அசந்துபோனேன். அத்தனை வருடம் கண்ணுக்குள் மஞ்சள் படிந்துபோன லென்ஸ் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் ஆனவர்கள் பைனாகுலரை மறுபடி தங்கள் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் "இது நல்லா இல்லை" என்று விற்றவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கருப்பன். பதிமூன்று வயதைத் தாண்டிவிட்டான். பெரிய இனமெல்லாம் இல்லை, தெருவில் பிறந்து எங்கள் வாசலில் வளர்ந்தவன். இரண்டு வருடமாகப் பின்னங்கால் மூட்டு வலி. கண்ணில் நீலம் பூத்த மாதிரி ஒரு மங்கல். மருத்துவர் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, வயதான நாய்களுக்குக் கண் லென்ஸ் கடினமாவதுதான், பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது என்றார். முன்பு அவனோடு நடந்தால் நான் இழுபடுவேன். இப்போது இருபது அடிக்கு ஒருமுறை நின்று, ஒரே செடியை முழுதாக மோந்து முடித்த பிறகுதான் நகர்கிறான்.

பறவை பார்க்க இதைவிடச் சரியான வேகம் கிடையாது. நானாகப் போனால் கண்மாயை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இன்று என்ன புதுசு" என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிடுவேன். அவன் நிற்கிற இடத்தில் நானும் நிற்க வேண்டியிருப்பதால்தான் நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுப்பதை முழுவதும் பார்க்க முடிந்தது. தாழைக்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள்ளிருந்து வெளியே வரும் நேரம் தெரிந்தது. என்னுடைய பட்டியல் நீளவில்லை. ஆனால் சாமநத்தம் கண்மாயில் எந்த மூலையில் எது உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

சங்கடங்களும் உண்டு. சரணாலயங்களுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. கொள்ளுக்குடிப்பட்டிக்கு, அதாவது வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போனால் நானும் வீட்டுக்காரம்மாவும் முறை வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே மர நிழலில் அவனோடு உட்கார வேண்டியதுதான். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அங்கே போய் நாயைக் குரைக்க விட்டால் மரியாதையாக இருக்காது. கோடையில் ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டை இடும், அதனால் எந்தக் கண்மாயாக இருந்தாலும் கயிறு கையில்தான். ஊர் நாய்கள் கூட்டமாக வந்தால் கிழவனால் சமாளிக்க முடியாது, உடனே வண்டிக்குள் ஏற்றிவிடுவேன்.

கண்மாய்த் தண்ணீரை அவன் குடிக்க விடுவதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், அதற்குத் தடுப்பூசி போடும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி அதிகம், மாத மாத்திரை தவறக் கூடாது. இன்னொன்று, மூட்டு வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் அதற்கு விஷம். வீட்டில் வழுக்குகிற டைல்ஸ் மேல் சாக்குப் போட்டு வைத்ததில் கிடைத்த பலன் விலை உயர்ந்த டானிக்கில்கூடக் கிடைக்கவில்லை.

வேகன்ஆர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் நல்ல குணம். கூரை உயரம், சீட்டும் உயரம், எனக்குக் குனிய வேண்டியதில்லை. பின் சீட்டை மடித்து ஒரு பழைய பஞ்சு மெத்தை. ஏறி இறங்க ஒரு பலகை, அதன் மேல் தேங்காய் நார் மிதியடியை ஆணி அடித்திருக்கிறேன். பறவைகள் மனிதனைப் பார்த்தால் பறக்கும், நின்றிருக்கிற காரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இன்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் மேல் அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையை வைத்து பைனாகுலரைச் சாய்த்துக்கொண்டால் ஸ்டாண்ட் தேவையில்லை. பஞ்சுருட்டான் கை எட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்ததுண்டு. வெயில் ஏறிய பிறகு நாயை மூடிய காரில் விட்டுவிட்டுச் சில நிமிடம்கூட நகரக் கூடாது, சூடு அவ்வளவு வேகமாக ஏறும். அதனால் எங்கள் பயணம் எல்லாம் இருட்டோடு கிளம்பி பத்து மணிக்குள் முடிகிறது.

குறைவாக ஓடும் வண்டிக்கு டயர் தேயாது, ஆனால் காய்ந்து வெடிக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று நம்பாமல் அந்த எண்ணைப் பாருங்கள். வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், 5 வருடத்துக்குத் தருவார்கள்.

அடிக்கடி போவது அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். பாறை மேல் வல்லூறுகளைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினால் போதும், மலை ஏற வேண்டாம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "கொக்கு பாக்கவா அய்யா மதுரையிலிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். பைனாகுலரைக் கொடுத்தேன். அரை மணி நேரம் திரும்பி வரவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, தை மாசி வாக்கில் தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் இருக்கும், காரை ஓரம் கட்டியே பார்க்கலாம். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டம்தான் அதிகம். விடுமுறை நாளைத் தவிர்த்துவிடுங்கள். தங்குவதுதான் தொல்லை. நாய் என்றதும் லாட்ஜில் சாவி திரும்ப உள்ளே போய்விடும். ராமநாதபுரத்தில் மச்சினர் வீடு இருப்பதால் தப்பித்தோம்.

ஒலியை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி எனக்கு இப்போது காது மாதிரி. வயதானால் முதலில் போவது கீச்சொலிதான். தேன்சிட்டு கத்துவதே கேட்காமல், செயலியில் பெயர் வந்த பிறகு தேடிப் பார்க்கிறேன். ஆனால் அது சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். கண்ணால் பார்க்காமல், பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு தளத்தின் பட்டியலில் நான் ஏற்றுவதில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து எண்ணினால் போதும். கிழட்டு நாயோடு போகிறவர்களுக்கு என்றே வைத்த மாதிரி ஒரு விதி.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கடைக்கு உங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே போங்கள். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரியாமல் ஓரம் கறுத்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.