வழி தெரிந்த மலைக்கு வழிகாட்டி எதற்கு? ஆறு கோடைகளின் அனுபவம்

சுவிட்சர்லாந்து மலைகளில் வழி தவறுவது அவ்வளவு சுலபமில்லை. நாடு முழுக்க 65,000 கிலோமீட்டருக்கு நடைபாதைகள். பிரிகிற இடத்திலெல்லாம் மஞ்சள் பலகை, அதில் போகுமிடமும் ஆகும் நேரமும். மஞ்சள் குறி என்றால் சாதாரணப் பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நடுவில் நீலம் இருந்தால் கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். அப்புறம் எதற்குக் காசு கொடுத்து வழிகாட்டியோடு போகிறாய் என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. ஆறு கோடைகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எல்லாமே காலையில் காட்டில் தொடங்கி, மதியம் மேலே மலைக்குடிலை (நடப்பவர்கள் தங்கவும் சாப்பிடவும் கட்டியது) தொட்டுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற ஒருநாள் நடைகள். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

முதல் நடையில் எரிச்சல்தான் வந்தது. வழிகாட்டிப் பெண்மணி முன்னால் போகிறார், தேர் நகர்வது மாதிரி. அவரை முந்தக் கூடாது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் முதல் அரை மணி நேரம் இப்படியே. கல்லூரிப் பையன்கள் நாலு பேர் எங்களைத் தாண்டிக் கடகடவென்று ஏறிப் போனார்கள். இதற்கா பணம் கட்டினோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, மரங்கள் குட்டையாகத் தொடங்கும் இடத்தில், அந்த நாலு பேரும் சட்டை நனைந்து ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தார்கள். நாங்கள் அதே தேர் வேகத்தில் அவர்களைக் கடந்தோம். வழிகாட்டி திரும்பாமலே கேட்டார்: “பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் வேகம்.”

இது தெரிந்த பிறகு தனியாகப் போக வேண்டியதுதானே? போனேன். கால் கேட்கவில்லை. முன்னால் ஒருவர் மெதுவாகப் போகாவிட்டால் நான் ஓடத்தான் செய்கிறேன். நான் பணம் கொடுப்பது பாதிக்கு மேல் இந்தக் கடிவாளத்துக்குத்தான்.

நேரக் கணக்கையும் அந்த வழிகாட்டிப் பெண்மணியிடம்தான் கற்றேன். ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர், கிடைமட்டத் தூரம் மணிக்கு 4 கிலோமீட்டர். உயரத்துக்கு ஒரு நேரம், தூரத்துக்கு ஒரு நேரம் பார்த்து, பெரியதை முழுசாகவும் சின்னதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். 900 மீட்டர் ஏற்றத்துக்கு மூன்று மணி, 8 கிலோமீட்டருக்கு இரண்டு மணி என்றால் மொத்தம் நாலு மணி நேரம். உட்கார்ந்து சாப்பிடுவது இதில் சேராது. மஞ்சள் பலகை நேரத்திலும் சேராது. முதல் வருடம் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டதற்குக் காரணம் இதுதான்.

காடு தனிக்கதை. அலெட்ச் காட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். 1933 முதல் பாதுகாக்கப்படும் காடு. கீழே பெரிய அலெட்ச் பனியாறு, மேலே முறுக்கிப்போன அரோல்லா பைன் மரங்கள், பல நூறு வயது. முதல் தடவை தனியாகப் போனபோது நான் பார்த்தது பனியாறு மட்டும்தான். வழிகாட்டியோடு போனபோது, பாறை இடுக்கு ஒன்றில் கொத்தாக முளைத்திருந்த ஐந்தாறு பைன் கன்றுகளைக் காட்டினார். நட்கிராக்கர் என்ற பறவை குளிர்காலத்துக்காக விதைகளை இப்படி ஆயிரக்கணக்கில் ஒளித்து வைக்குமாம். பனிக்கு அடியில் இருந்தாலும் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்துவிடும். மறந்துபோனது மரமாகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் வேறொரு நிறுவனத்தோடு போனேன். விலை குறைவு, ஆட்கள் பதினாறு. மதியத்துக்கு முன்பே மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. குடில் வரைக்கும் போய்விடலாம் என்றார் வழிகாட்டி. மரங்கள் முடிந்து வெட்டவெளிக்கு வந்த பிறகு இடி. ஆலங்கட்டி பட்டாணி அளவில் விழுந்தது. கன்னத்தில் பட்டால் சுள்ளென்றது. ட்ரெக்கிங் கம்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுப் பள்ளத்தில் குந்தியிருந்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்கு அவருடைய திறமை காரணமில்லை.

அடுத்த வருடம், அந்தத் தேர் வேகப் பெண்மணி குடிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது திருப்பிவிட்டார். மேலே கொடி பறப்பது தெரிகிறது. பணமும் திரும்பி வராது. குழுவில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நானும்தான். காட்டுக்குள் நுழைந்து கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் நடத்தும் நடைகளையே தேடிப் பதிவு செய்கிறேன்.

சாமான்களைப் பற்றி ஒன்றே ஒன்று: பூட்ஸின் வயதைப் பாருங்கள், தேய்மானத்தை அல்ல. எட்டு வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த என் பூட்ஸ், இறக்கத்தின் நடுவில் அடிப்பாகம் பிரிந்து நாக்கைத் தொங்கப் போட்டது. அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே வருமாம். போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. தொட்டால் பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. வழிகாட்டி தன் பையிலிருந்து டேப்பை எடுத்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். ஐந்நூறு மீட்டர் இறக்கத்தை அந்த டேப்பை நம்பித்தான் இறங்கினேன்.

குடில்களில் ஹோட்டலை எதிர்பார்க்காதீர்கள். மலையேறுவோர் சங்கமான சுவிஸ் ஆல்பைன் கிளப் 1863-இல் தொடங்கியபோதே முதல் குடிலைக் கட்டிவிட்டது. இன்று அவர்களுக்கு 150 குடில்கள்போல இருக்கின்றன. பல இடங்களில் சாமான் ஹெலிகாப்டரில் வருகிறது, அதனால் தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்து முறைக்காதீர்கள். கையில் பிராங்க் நோட்டு இருக்கட்டும். உங்கள் குப்பை உங்களோடு கீழே வர வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் க்ளுவோட்சா குடில், 1,882 மீட்டர். செர்னெட்ஸ் என்ற ஊரிலிருந்து சுமார் மூன்று மணி நேரம், பெரும்பகுதி காடு. 1914 முதல் பூங்காவாக இருக்கும் இடம். பாதையை விட்டு ஓரடி விலகக் கூடாது, நாயைக் கட்டிக் கூட்டிப் போகவும் அனுமதியில்லை. கிளம்பும்போதும் ஏற்றம், திரும்பும்போதும் கொஞ்சம் ஏற்றம். அந்த இரண்டாவது ஏற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பதிவு செய்வதற்கு முன் நான் இரண்டு கேள்விதான் கேட்கிறேன்: குழுவில் எத்தனை பேர்? வானம் சரியில்லை என்றால் திரும்புவதை முடிவு செய்வது யார்? எட்டுப் பேருக்கு மேல் என்றாலோ, இரண்டாவதுக்கு மழுப்பினாலோ, மஞ்சள் பலகையை நம்பித் தனியாகப் போய்விடுகிறேன்.