செய்திக்கு மதிப்பெண் போடச் சொல்லும் தளமா? முதலில் அந்தத் தளத்தைச் சோதியுங்கள்

செய்தியைப் படித்து மதிப்பெண் போடச் சொல்லும் தளங்கள் பலவற்றில் உழைப்பு வாசகருடையது, ஆதாயம் தளத்துடையது. ஏமாற்று பெரும்பாலும் நட்சத்திரத்திலேயே தொடங்கிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதுபோல் அது மின்னும். நியாயம், ஆதாரம், பின்னணி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நாலு வரி காரணமும் எழுதிச் சமர்ப்பித்தால், அப்போதுதான் லாகின் பக்கம் வரும். உள்ளே போய்த் திரும்பினால் படிவம் காலி. எழுதியதைச் சேமிக்காமல் பக்கத்தை மாற்றுவதால் வருகிற கோளாறு இது, சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. ஆனால் புதுக் கணக்கு ஒன்று கூடிவிட்டதே, அவர்களுக்கு என்ன அவசரம்! முதல் முறை ஒரே ஒரு சொல்லை மட்டும் தட்டி அனுப்பிப் பாருங்கள். நீளமான விமர்சனத்தை வேறிடத்தில் எழுதிவைத்து ஒட்டுங்கள்.

அடுத்த மோசடி வரிசையில். 'அதிக மதிப்பெண் பெற்றவை' பட்டியலைத் திறந்து, முதல் பத்துச் செய்திகளுக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள். இரண்டே பேர் 5 நட்சத்திரம் போட்ட செய்தி, இருநூறு பேரிடம் 4.6 வாங்கியதற்கு மேலே நின்றால், வெறும் சராசரியை வைத்து அடுக்குகிறார்கள் என்று அர்த்தம். எழுதியவரும் அவர் நண்பரும் சேர்ந்தாலே முதலிடம். இதற்கு மருந்து 1927-லேயே இருக்கிறது: வில்சன் சூத்திரம். கிடைத்த ஓட்டுகளை வைத்து உண்மையான ஆதரவு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று அது கணிக்கும்; ஓட்டு குறைந்தால் கீழ் எல்லையும் இறங்கும். ஆதரவு, எதிர்ப்பு ஓட்டுகளை 95 சதவீத நம்பகத்தில் அதன் கீழ் எல்லைப்படி கணக்கிட்டால், 2-க்கு 2 ஆதரவு வாங்கியது சுமார் 0.34, 100-க்கு 90 வாங்கியது சுமார் 0.83. ஓட்டு எண்ணிக்கையையே மறைத்துவைக்கிற தளம் என்றால் அதன் பட்டியலை நம்பவே வேண்டாம்.

நீங்கள் ஓட்டுப் போடும் முன்பே மொத்த மதிப்பெண்ணைப் பெரிதாகக் காட்டுவதும் கெடுதல்தான். 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், ஒரு செய்தித் திரட்டித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்களே முதல் ஆதரவு ஓட்டைப் போட்டுவிட்டார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. முன்னால் போன ஆட்டின் பின்னாலேயே மந்தை.

கைபேசியில் ஓட்டுப் போடும் மேல், கீழ் அம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தால் விரல் தவறும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 என்ற வழிகாட்டி, தொடுமிடத்துக்குக் குறைந்தது 24×24 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்க வடிவமைப்பின் அளவு அலகு) கேட்கிறது, சில விதிவிலக்குகளோடு. அம்பை மறுபடி தொட்டால் ஓட்டு ரத்தாகிறதா என்றும் பாருங்கள். ரத்தாகவில்லையென்றால், தவறிப் போட்ட ஓட்டு அப்படியே நின்றுவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளமும் ஒரே நாளில் உங்களைக் கைவிடலாம். செய்திகளுக்குப் பயனர்கள் ஓட்டுப் போடும் டிக் (Digg) தளம் 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பை இறக்கியபோது, வேண்டாத செய்தியைப் புதைக்கும் பட்டன் காணாமல் போனது. பதிப்பாளர்கள் தங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை (புதுச் செய்திகளைத் தானாக அனுப்பும் வசதி) இணைத்துத் தாங்களே செய்திகளைத் தள்ள வழி திறந்தது. கொதித்த பயனர்கள் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளுக்கே ஓட்டைக் குவித்து டிக்கின் முகப்பை நிரப்பினார்கள். 2012 ஜூலையில் டிக் பீட்டாவொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியபோது பேசப்பட்ட விலை சுமார் 5 லட்சம் டாலர்.

ஆகவே கணக்குத் திறக்கும் முன் இரண்டைத் தேடுங்கள்: நீங்கள் எழுதியவற்றை இறக்கிக்கொள்ளும் வசதி, கணக்கை அழிக்கும் பட்டன். இரண்டும் இல்லையென்றால், அன்றாடம் புழங்கும் மின்னஞ்சல் முகவரியை அங்கே கொடுக்காதீர்கள்.