பொத்தானா, திரையா, குரலா?

தங்கச்சி மாப்பிள்ளை புது காடி எடுத்திருக்கிறார். உள்ளே பொத்தான் என்று தேடினால் ஜன்னலுக்கு நாலு, அபாய விளக்குக்கு ஒன்று. மற்றதெல்லாம் நடுவில் இருக்கும் பெரிய திரைக்குள். என்னுடையது பழைய மைவி. ஏர்கோன், ரேடியோ எல்லாம் கையை நீட்டினால் தட்டுப்படும். "உங்க காடி பழசாப் போச்சு மச்சான்" என்று சிரித்தார்.

அடுத்த வாரமே கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில். சாயங்கால மழை. முன் கண்ணாடி உள்பக்கம் பனிபோல மூடிவிட்டது. என் காடியில் இதற்கு ஒரே பொத்தான், பார்க்காமலே அமுக்குவேன். அவர் திரையைத் தொட்டு, ஏர்கோன் பக்கத்தைத் திறந்து, கண்ணாடிப் படத்தைத் தேடினார். சாலைக் குழியில் காடி குலுங்கியதில் விரல் பக்கத்துப் படத்தில் பட்டு, ரேடியோ அலறியது. மறுபடி முதலிலிருந்து. நிமிர்ந்து பார்த்தால் மழைச்சட்டை போட்ட ஒருவரின் மோட்டார் சைக்கிள் எங்கள் இடப்பக்கம் உரசுகிற மாதிரி போகிறது. அது எப்போது வந்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

80 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி கண்ணை எடுத்தால், அதற்குள் காடி 44 மீட்டர் ஓடியிருக்கும். அந்த 2 விநாடிக் கணக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த எல்லை. வெர்ஜினியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கேமரா பொருத்திப் பார்த்ததில், சாலையிலிருந்து பார்வை 2 விநாடிக்கு மேல் விலகினால் விபத்து அபாயம் சுமார் இரண்டு மடங்காகியிருந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் கார் நிறுவனங்களுக்குச் சொன்னதும் இதையொட்டித்தான்: ஒரு பார்வைக்கு 2 விநாடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி.

சுவீடனின் 'வி பீலேகரே' பத்திரிகை 2022இல் இதை ஓட்டியே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில், ஏர்கோன், ரேடியோ மாதிரியான நாலு வேலை. பொத்தான்கள் உள்ள 2005 வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது. காடி 306 மீட்டர் ஓடியிருந்தது. திரையை நம்பிய எம்ஜி மார்வல் ஆர் காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். காரணம் எளிது. குமிழ் இருக்கும் இடத்தை விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வழவழவென்ற கண்ணாடியில் பிடிமானம் ஏது? கடைசி வரை கண்தான் விரலைக் கூட்டிப்போக வேண்டும்.

வரைபடத்துக்கு மட்டும் திரைதான். அதில் சண்டையே இல்லை. தொடையில் போனை வைத்துக்கொண்டு வேஸ் செயலியில் வழி பார்ப்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். கிளம்புமுன் இடத்தைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் குரல். கண் ரோட்டில், கை ஸ்டீயரிங்கில், வாய் மட்டும்தானே என்று நானும் நினைத்திருந்தேன். யூட்டா பல்கலைக்கழக ஆய்வு 2015இல் வேறு கதை சொன்னது: குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம். 80இல் போனால் அது 600 மீட்டர்! பிரிட்டனின் சாலை ஆய்வு நிறுவனமான டிஆர்எல் 2020இல், போனைக் காடித் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளேயைச் சோதித்தபோது, திரையைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை 57 சதவீதம் மந்தப்பட்டது, குரலில் 36 சதவீதம். தொடுவதைவிடத் தேவலை, ஆனால் சும்மா இல்லை. அதுவும் 'ஜாலான் துன் சம்பந்தன்' என்று நாம் சாலைப் பெயரைச் சொல்வதை இயந்திரம் மூன்றாவது தடவைதான் புரிந்துகொள்கிறது. அதற்குள் கோபம் வேறு வந்துவிடுகிறது.

மழையிலும் இருட்டிலும் அவசரமாகத் தேவைப்படுகிற எதுவும் பொத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் சிக்னல், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ கைப்பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். காடியை விற்கவா முடியும்? இப்போதெல்லாம் திரை தங்கச்சி பொறுப்பு. அவளும் வழி முழுக்கப் பேசிக்கொண்டேதான் வருகிறாள். ஆனால் பக்கத்தில் மோட்டார் நுழைந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறாள்.