கான்ட்ரா: ஒரு டிவி, ரெண்டு பேரு, ஒரே ஒரு எஸ் கன்

கான்ட்ராவ தனியா ஆடுனா பாதி கேம்தான், பக்கத்துல இன்னொரு ஆளு உட்கார்ந்து கத்துனாதான் அது முழு கேம். தனியாவே முடிச்சவங்க இதுக்கு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். ஓடிக்கிட்டே சுடுற இந்த வீடியோ கேம கோனாமிங்கற ஜப்பான் கம்பெனி 1987ல ஆர்கேடுல, அதாவது கடைல காசு போட்டு ஆடுற மெஷின்ல விட்டாங்க, அடுத்த வருஷம் ஜப்பான்ல ஃபேமிகாம், அமெரிக்கால என்இஎஸ்னு வீட்டு மெஷினுக்கு வந்துச்சு, நம்ம தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் அது எதுவுமே வரல, நமக்கு வந்தது அத பாத்து காப்பியடிச்ச டிவி கேம் பெட்டியும் மஞ்ச கேசட்டும்தான். போட்டதும் ஸ்க்ரீன்ல 9999999 இன் 1னு வரும், உள்ள போய் பாத்தா அதே நாலஞ்சு கேமயே பேரு மாத்தி மாத்தி போட்டிருப்பான், ஆனா அதுல கான்ட்ரா ஒண்ணு இருந்துட்டா அந்த கேசட் வச்சிருக்குறவனுக்கு தெருவுல மரியாதையே வேற.

இப்ப அத காசு குடுத்து முறையா ஆடணும்னா கான்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன் இருக்கு, 2019 ஜூன்ல கோனாமியே விட்டது, ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி எல்லாத்துலயும் கிடைக்குது. 10 கேம்னு போட்டிருப்பாங்க, அதுல சிலது ஒரே கேமோட வேற வேற நாட்டு வடிவம், அத பாத்து ஏமாந்துடாதீங்க. நான் இத பொங்கல் லீவுல மன்னார்குடில அக்கா வீட்டுல லேப்டாப்ப டிவில மாட்டி அக்கா பையன் கூட உட்கார்ந்து ஆடுனது. பையன் ஒம்பதாவது படிக்கிறான், ஃபோன்ல நூறு பேரு குதிக்கிற கேம் ஆடுறவன், இத பாத்ததும் "என்ன மாமா இது, பொட்டி பொட்டியா தெரியுது"ன்னான். அரை மணி நேரத்துல சோறு சாப்பிட கூப்பிட்டா "செத்த இரும்மா, பாஸு வந்துட்டான்"னு கத்துறான், பாஸுன்னா ஸ்டேஜ் கடைசில வர்ற பெரிய எதிரி.

அப்படி என்ன இருக்கு இதுல? கதையெல்லாம் ஒண்ணும் கிடையாது. பில் ரைசர், லான்ஸ் பீன்னு ரெண்டு சட்ட போடாத ஆளுங்க, ஒருத்தன் நீல பேன்ட், இன்னொருத்தன் செவப்பு பேன்ட், ரெட் ஃபால்கன்னு ஒரு கூட்டத்த அழிக்கணும், அவ்ளோதான். ஜப்பான்காரன் கதைல இது 2633ல நியூசிலாந்து பக்கத்துல கலூகான்னு ஒரு தீவுக் கூட்டத்துல நடக்குது, அமெரிக்கா மேனுவல்ல அத அப்படியே தூக்கிட்டு நிகழ்காலத்துல அமேசான் காடுன்னு எழுதிட்டாங்க. மஞ்ச கேசட்டுக்கு மேனுவலே கிடையாது, அதனால நமக்கு ரெண்டு கதையும் தெரியாது, யாருக்கும் அது குறையாவும் தெரியல.

விஷயம் வேற. ஒரு குண்டு பட்டா ஆளு காலி. ரத்தக்கோடு, பர்சன்டேஜ் எதுவும் இல்ல. மூணு லைஃப். ஆனா லைஃப் போறது கூட பெரிய வலி இல்லங்க, செத்தா கைல இருந்த துப்பாக்கியும் போயிடும் பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். பறந்து வர்ற கேப்ஸ்யூல சுட்டா ஒரு எழுத்து விழும், எம்னா மெஷின் கன், எல்னா லேசர், எஃப்னா சுத்தி சுத்தி போற நெருப்பு, ஆர்னா குண்டு வேகமா போகும், எஸ்னா ஒரே அமுக்குல அஞ்சு குண்டு விசிறியா விரிஞ்சு போகும். எஸ் கிடைச்சா அந்த ஸ்டேஜ்ல நீதான் ராஜா. லேசர் பாக்க பந்தாவா இருக்கும், ஆனா பட்டன தொடர்ந்து தட்டுனா முன்னாடி போன கதிர் அப்படியே அறுந்து புதுசு கிளம்பும், அதனால பொறுமையா விட்டு விட்டு அடிக்கணும். நம்ம பயலுவளுக்கு பொறுமையாவது ஒண்ணாவது, எல் விழுந்தா அத தாண்டி குதிச்சு ஓடுவானுங்க.

கேப்ஸ்யூல சுட்டா ஒரே ஒரு எழுத்துதான் விழும், ரெண்டு பேருக்கும் சேத்து. யாரு எடுக்குறது? கேம் அத பத்தி ஒண்ணுமே சொல்லாது, அது உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்து. ஒருத்தன் குண்டு இன்னொருத்தன் மேல படாது, அதனால நேரடியா பழி வாங்க முடியாது, ஆனா எஸ்ஸ தட்டிப் பறிக்கலாம், நல்லவன்னா விட்டும் குடுக்கலாம். எங்க ஆட்டத்துல மொத ஸ்டேஜ்லயே விழுந்த எஸ்ஸ பையன் எடுத்துட்டான், எடுத்துட்டு வெடிக்கிற பாலத்துல நேரா நின்னு செத்தான், அடுத்து எஸ் விழுந்தப்ப "மாமா நீங்க எடுத்துக்குங்க"ன்னு வாய்தான் சொல்லுது, ஆளு குதிச்சு அங்க நிக்கிறான். இதெல்லாம் எந்த ஆன்லைன் கேம்லயும் வராது, அங்க ஆளுக்கு ஒரு ஸ்க்ரீன், அவங்கவங்க பையில அவங்கவங்க துப்பாக்கி.

ஸ்க்ரீனும் ஒண்ணுதான். பக்கவாட்டுல போற ஸ்டேஜ்ல பின்னாடி ஒருத்தன் இடது ஓரத்துல நின்னுட்டா ஸ்க்ரீன் நகராது, முன்னாடி இருக்குறவன் வலது பக்கம் எவ்ளோ முட்டுனாலும் பிரயோஜனம் இல்ல, அந்த நேரத்துக்கு எதிரிங்க விடாம ஓடி வந்துட்டே இருப்பானுங்க. மூணாவது ஸ்டேஜ் நீர்வீழ்ச்சி, அங்கதான் உறவே முறியும். மேல மேல ஏறணும், ஒருத்தன் ஏறுனா ஸ்க்ரீனும் கூடவே ஏறும், கீழ நிக்கிறவன் கால்ல இருந்த பாறை ஸ்க்ரீன விட்டு இறங்கிடும், அவன் செத்தான். கொன்னது எதிரி இல்ல, கூட வந்தவன். "மாமா மேல போவாதீங்க, நான் கீழ இருக்கேன்... மாமா... ஐயோ மாமா!" இதுதான் அந்த ஸ்டேஜ் முழுக்க. அக்கா அடுப்படிலேர்ந்து என்னவோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. ஒரு கட்டத்துக்கு மேல பேசாம ஆட முடியாதுன்னு புரிஞ்சு "ஒண்ணு ரெண்டு மூணு, ஏறு"ன்னு சொல்லி சொல்லி ஏறுனோம், மேல பாஸ் கதவு தெரிஞ்சப்ப ரெண்டு பேரும் எந்திரிச்சே நின்னுட்டோம்.

சின்ன சின்ன விஷயமும் நல்லா யோசிச்சு வச்சிருக்கான். மொத ஸ்டேஜ் தண்ணில நிக்கிறப்ப கீழ்ப் பட்டன அமுக்குனா ஆளு முங்கிடுவான், குண்டு எதுவும் படாது, ஆனா முங்குன வரைக்கும் நீயும் சுட முடியாது, ஆத்துல முங்கி விளையாண்ட டெல்டா பசங்களுக்கு இத சொல்லியே குடுக்க வேணாம். எதிரியோட கோட்டைக்குள்ள போற பேஸ் ஸ்டேஜ்ல ஆள பின்னாடியிலேர்ந்து பாக்குற மாதிரி மாறும், குறுக்க கரண்ட் கம்பி ஓடும், தொட்டா சாக மாட்டான், வெடவெடன்னு கொஞ்ச நேரம் நிப்பான், அந்த கொஞ்ச நேரத்துல எதிரி சுட்டுடுவான். மொத்தம் எட்டு ஸ்டேஜ், பழகுனவங்க அரை மணி நேரத்துல முடிச்சிடலாம், கடைசில ஏலியன் இதயத்த சுட்டு வெடிக்கணும்.

லைஃப கூட்டி குடுக்குற ரகசிய பட்டன் கோடு பத்தி சொல்லாம விட்டா அடிக்க வருவாங்க. மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ, ரெண்டு பேருன்னா செலக்ட் அமுக்கிட்டு ஸ்டார்ட், ஆளுக்கு 30 லைஃப். இத மொதல்ல வச்சது கிரேடியஸ்ங்கற வேற கேம்ல, கசுஹிசா ஹஷிமோட்டோன்னு கோனாமிக்காரர் அந்த கேம வீட்டு மெஷினுக்கு மாத்துறப்ப அவராலயே ஆட முடியலன்னு டெஸ்ட்டுக்காக வச்சது. 2020ல தவறிட்டார் மனுஷன். நம்ம ஊருக்கு வந்த சில கேசட்டுல கோடே போடாம 30 லைஃப் இருக்கும், அதுல ஆடி முடிச்சத வச்சு ஊருக்குள்ள பெருமை பேசுனவங்க நிறைய பேரு, யாருன்னு சொல்ல வேணாம்.

கலெக்‌ஷன்ல என்இஎஸ் கான்ட்ரா இருக்கு, ஃபேமிகாம் கான்ட்ராவும் இருக்கு. ரெண்டாவத எடுங்க. அதுல உள்ள விஆர்சி2ன்னு கூடுதல் சிப் வச்சிருந்ததால காட்டுல இலை ஆடும், பனி ஸ்டேஜ்ல பனி பறக்கும், ஸ்டேஜுக்கு நடுவுல மேப் வரும், எழுத்து ஜப்பானிய மொழி, அத யாரு படிச்சா இப்ப. நினைச்ச இடத்துல சேவ் பண்ணலாம், கரண்ட் போற ஊருக்கு இது பெரிய வரம். குறைன்னு பாத்தா கேமுக்குள்ளயே ஆன்லைன்ல ரெண்டு பேரு ஆட வழி வச்சிருக்கலாம், துபாய்ல இருக்குற கூட்டாளி கூட ஆடணும்னு ஆசப்பட்டா வேற ஏற்பாடுதான் பாக்கணும். ஆர்கேடு வடிவம் நெட்டுக்கு நிக்கிற ஸ்க்ரீனுக்கு செஞ்சது, டிவில நடுவுல ஒரு துண்டா தெரியும், ஒரு தடவ பாக்கலாம், அவ்ளோதான். அதே கலெக்‌ஷன்ல இருக்குற ஹார்ட் கோர்னு இன்னொரு கான்ட்ரா நல்லாருக்கும், ஆனா கொலகார கஷ்டம், பிள்ளைங்கள அதுல இறக்கி விட்டு கேம் மேலயே வெறுப்பு வர வச்சிடாதீங்க. 2024ல ஆபரேஷன் கலூகான்னு வேஃபார்வர்ட்ங்கற கம்பெனி செஞ்ச புது கான்ட்ரா ஒண்ணும் வந்துருக்கு, அது படம் பளபளன்னு இருக்கும், ரெண்டு மூணு அடி தாங்குற மாதிரியும் வச்சுக்கலாம், ஆனா அப்படி வச்சா அந்த பயமே போயிடுது.

வாங்குறதுன்னா தள்ளுபடி வர்றப்ப வாங்குங்க, அடிக்கடி வருது. கன்ட்ரோலர் மட்டும் ரெண்டு நல்லதா எடுத்துடுங்க, மலிவா கிடைக்குதேன்னு ஒரு கடைல எடுத்த ரெண்டாவது கன்ட்ரோலர்ல ஜம்ப் பட்டன் ரெண்டு தட்டுக்கு ஒரு தட்டுதான் வேலை செய்யுது, அத வச்சுக்கிட்டு நீர்வீழ்ச்சி ஏற முடியாது, இப்ப அக்கா வீட்டுல அந்த கன்ட்ரோலர் யாரு கைக்கு வருதுங்கறதுலயே ஆட்டம் ஆரம்பிக்குது.